நோயாளியின் பக்கத்தில் நிற்பவருக்கு நிர்வாகத்தில் இடம் எங்கே?

புதுவையிலிருந்து மரக்காணத்துக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கீழ்புத்துப்பட்டு. உப்பளத்தில் கூலி வேலை செய்பவர்களும், நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்களும், புதுவை மில்களில் உழைத்து மில் மூடிய பிறகு வீட்டோடு இருப்பவர்களும் வாழும் பகுதி இது. இங்கே ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், பாம்பு தீண்டினால், பிரசவம் சிக்கலானால் மரக்காணம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே முடியாவிட்டால் புதுவை ஜிப்மருக்கோ, முண்டியம்பாக்கம் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும். 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்களை ஜனங்கள் இப்படித்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். பலர் பிழைத்து வீடு திரும்பினார்கள்.

பிழைத்து வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் டாக்டரின் பெயரைச் சொல்கிறோம். அது நியாயமே. ஆனால் டாக்டர் கட்டிலருகே நிற்பது சில நிமிஷங்கள். மீதி நேரம் முழுவதும் அங்கே நிற்பவர் நர்ஸ். மூச்சு தடுமாறுவதை முதலில் பார்ப்பவர் அவர். சலைன் ஓடுகிறதா, கை வீங்குகிறதா என்று பார்ப்பவர் அவர். ராத்திரி இரண்டு மணிக்கு "தண்ணி" என்று முனகினால் காதில் விழுவது அவருக்குத்தான். அந்த நர்ஸுக்கு, தான் வேலை செய்யும் வார்டை எப்படி நடத்துவது என்பதில் ஏதாவது அதிகாரம் உண்டா? இதுதான் நாம் இன்று எழுப்ப விரும்பும் கேள்வி.

"ஆலையிலும் வயலிலும் நமக்கே ஆயிரம் பிரச்னைகள்; இதில் நர்ஸுகளின் பிரச்னை நமக்கெதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். அவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

ஓர் உப்பளக் கூலியின் மகள்

சென்ற மாதம் கீழ்புத்துப்பட்டில் சந்தா வசூலுக்குப் போயிருந்தோம். ஒரு தோழர் தம் வீட்டுக்குக் கூப்பிட்டார். முப்பது வருஷமாக உப்பு வாருகிறவர். உள்ளங்கால் இரண்டும் வெடித்து வரிவரியாகக் கிடக்கின்றன. கடன் வாங்கி மகளை நர்ஸிங் படிக்க வைத்தார். அந்தப் பெண் வெளியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார். லீவில் வந்திருந்தார்.

"வேலை எப்படியம்மா இருக்கிறது?" என்று கேட்டோம்.

"வேலையைப் பத்திச் சொன்னா நீங்க நம்பமாட்டீங்க மாமா. ராத்திரி எட்டு மணிக்கு ஏறினா காலையில எட்டு மணிக்குத்தான் இறங்கணும். முப்பத்தெட்டு நோயாளிக்கு நான் ஒருத்தி, கூட ஒரு படிக்கிற பொண்ணு. ஆபரேஷன் ஆன பெரியவர் ஒருத்தரைக் கடைசிக் கட்டில்ல போட்டிருந்தாங்க. என் மேசையிலிருந்து பார்த்தா தெரியாது. இந்த மாதிரி ஆளுங்களை மேசைக்குப் பக்கத்துல போடணும், ராத்திரிக்கு இன்னொரு நர்ஸ் வேணும்னு ஒரு வாரத்துக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்தேன். 'உன் அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள்'னு மெமோ வந்தது."

"அப்புறம்?"

"ஒரு நாள் விடியக்காலம் நாலு மணிக்கு நான் சுத்தி வரும்போது அவருக்கு உடம்பெல்லாம் சில்லுன்னு வேர்த்திருந்தது. நாடி கைக்கு எட்டல. கத்திக் கூப்பிட்டு, தீவிர சிகிச்சைக்குத் தள்ளிக்கிட்டு ஓடினோம். பிழைச்சிட்டார். நான் இன்னும் அரை மணி கழிச்சு அந்தப் பக்கம் போயிருந்தா?"

அவர் மேலே பேசவில்லை. அவர் தகப்பனார்தான் பேசினார்: "தோழரே, அந்தக் கட்டில்ல கிடந்தது என்னை மாதிரி ஒரு கூலிக்காரன். நின்னது என் பொண்ணு. ரெண்டு பேரும் நம்ம ஜனந்தானே?"

தோழர்களே, பிரச்னை முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. கட்டிலில் கிடப்பதும் நாம். கட்டிலருகே நிற்பதும் நமது பெண்கள். அந்த வார்டைப் பற்றி முடிவு செய்கிறவர்கள் மட்டும் வேறு எங்கோ இருக்கிறார்கள்.

வேலை தெரிந்தவர் யார்?

உப்பளத்தில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடல் நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காய வைக்கிறோம். நீரின் செறிவு ஏறக்குறைய 25 டிகிரிக்கு வரும்போது உப்பு பூக்கிறது. 30 டிகிரியை நெருங்கிய பிறகும் அந்த நீரை வெளியேற்றாமல் விட்டால் உப்பில் கசப்பு ஏறி விடுகிறது. எந்த நேரத்தில் மடையைத் திறப்பது, எப்போது அடைப்பது என்பது பாத்தியில் நிற்பவனுக்குத் தெரியும். நீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லி விடுவான். பட்டணத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவருக்கு அது தெரியாது. ஆனால் உத்தரவு போடுகிறவர் அவர். கூலி நிர்ணயிக்கிறவரும் அவர்.

மில் தோழர்களுக்கும் தெரியும். நூல் அறுந்தால் ஸ்பின்னிங்கில் நிற்பவர் பஞ்சின் குற்றமா, மெஷினின் குற்றமா என்று உடனே சொல்வார். ஆனால் ஒருவர் எத்தனை பக்கங்களைப் பார்க்க வேண்டும் என்பதை அவரைக் கேட்டா முடிவு செய்தார்கள்?

நர்ஸின் நிலையும் அதுவே. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மில்லில் வேலைப் பளு அதிகமானால் நூல் அறும். ஆஸ்பத்திரியில் வேலைப் பளு அதிகமானால் உயிர் போகும்.

இது நாம் உணர்ச்சி வசப்பட்டுச் சொல்வது அல்ல. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 ஆஸ்பத்திரிகளில், அறுவை சிகிச்சை பெற்ற இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி லிண்டா ஐக்கன் என்ற அம்மையாரும் அவரது குழுவினரும் ஆராய்ந்தார்கள். 2002-ல் அதன் முடிவு வெளிவந்தது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், முப்பது நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஒரு நர்ஸுக்கு நான்கு நோயாளிகள் இருக்கும் ஆஸ்பத்திரியையும் எட்டு நோயாளிகள் இருக்கும் ஆஸ்பத்திரியையும் ஒப்பிட்டால் வித்தியாசம் 31 சதவீதம்!

நமது நாட்டில் இந்திய நர்ஸிங் கவுன்சில் விதித்த அளவு என்ன? போதனா ஆஸ்பத்திரிகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ். மற்ற ஆஸ்பத்திரிகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ். கீழ்புத்துப்பட்டுப் பெண்ணுக்கு முப்பத்தெட்டு! ராத்திரியில் எந்த ஆஸ்பத்திரியின் பொது வார்டிலாவது நோயாளிக்குத் துணையாகத் தங்கியிருக்கும் தோழர்கள், கட்டில்களையும் நர்ஸுகளையும் தாங்களே எண்ணிப் பார்க்கட்டும்.

ஏன் அவர் சொல் ஏறவில்லை?

நர்ஸின் சொல் ஏன் அம்பலத்தில் ஏறுவதில்லை? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, அவர் பெரும்பாலும் பெண். இரண்டாவது, அவர் செய்வது மலம், மூத்திரம், ரத்தம், சீழ் இவற்றைத் தொடும் வேலை. தொட்டு வேலை செய்கிறவரைத் தாழ்த்தியும், தொடாமல் உத்தரவு போடுகிறவரை உயர்த்தியும் வைத்திருக்கிற சமுதாயம் இது. மூன்றாவது, அவரது வேலைக்கே நிலையில்லை.

இந்த மூன்றாவது காரணத்தைக் கவனியுங்கள். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-லேயே நர்ஸுகளுக்குப் பயிற்சி தொடங்கியது. நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சென்னைச் சட்டம் 1926-ல் வந்தது. இவ்வளவு பழைய தொழில் இது. ஆனாலும் 2015-ல் தமிழ்நாடு சர்க்கார், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸுகளை எடுத்தபோது, கொடுத்த சம்பளம் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையோடு சேர்ந்தவர்கள், இரண்டு வருஷம் கழிந்தும் நிரந்தரம் வராமல், 2017 நவம்பர் 27-ந் தேதி சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் கூடினார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. ஹைகோர்ட் தலையிட்டு வேலைக்குத் திரும்பச் சொன்னது. பிறகு சம்பளம் 14,000 ரூபாயாயிற்று. போராடாமல் அதுவும் வந்திருக்காது.

அதன் பின் கொரோனா வந்தது. 2020 மே 3-ந் தேதி விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளின் மேல் பூ தூவின. நர்ஸுகளைத் தெய்வம் என்றார்கள், தேவதை என்றார்கள். ஆனால் அந்தப் பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களில் சுமார் 2,400 நர்ஸுகளுக்கு 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லப்பட்டது. தேவதைக்கும் ஒப்பந்தமா? அவர்கள் மீண்டும் வீதிக்கு வர வேண்டியிருந்தது.

நாளைக்கு வேலை இருக்குமா என்று அஞ்சுகிறவர், இன்றைக்கு நிர்வாகத்தின் தவறை எப்படிச் சுட்டிக் காட்டுவார்? ஆகவே நிரந்தர வேலைதான் முதல் படி. அது இல்லாமல் "நிர்வாகத்தில் பங்கு" என்று பேசுவது வெறும் அலங்காரம்.

சம்பளம் மட்டும் போதுமா?

ஆனால் சம்பள உயர்வோடு பிரச்னை தீர்ந்து விடுமா? தீராது.

கேரளத்து நர்ஸுகளைப் பாருங்கள். 2011-லிருந்து ஐக்கிய நர்ஸுகள் சங்கமாகத் திரண்டு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக வேலை நிறுத்தம் செய்தார்கள். சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதையும், பத்திரம் எழுதி வாங்குவதையும் எதிர்த்தார்கள். சுப்ரீம் கோர்ட் 2016 ஜனவரியில் இட்ட கட்டளைப்படி மத்திய சர்க்கார் அமைத்த கமிட்டி, 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். 200 படுக்கைக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரியில் சர்க்கார் நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. கேரளத்தில் 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் அடிப்படைச் சம்பளமாக அறிவிக்கப்பட்டது. மகத்தான வெற்றி! தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளில் எத்தனை இடத்தில் இது கிடைக்கிறது என்று நமது வீட்டுப் பெண்களைக் கேளுங்கள்.

ஆனால் 20,000 ரூபாய் வாங்கும் நர்ஸும் முப்பத்தெட்டு நோயாளிகளின் நடுவில் தனியாக நின்றால், கடைசிக் கட்டிலில் கிடப்பவரின் கதி என்ன? சம்பளம் நர்ஸின் வயிற்றைக் காக்கும். நோயாளியின் உயிரைக் காக்க, வார்டில் எத்தனை பேர் வேலை செய்வது, யாரை எந்தக் கட்டிலில் போடுவது, என்ன சாமான் தேவை என்று சொல்லும் அதிகாரமும் நர்ஸுக்கு வேண்டும். தன் தொழிலில் தான் கற்றதைக் கொண்டு முடிவு செய்யும் சுயாதிகாரமும் வேண்டும்.

இது புதுக் கோரிக்கை அல்ல. சரோஜினி வரதப்பன் அம்மையார் தலைமையில் மத்திய சர்க்கார் 1987-ல் அமைத்த உயர்நிலைக் கமிட்டி, 1989-ல் ரிப்போர்ட் கொடுத்தது. வாரத்துக்கு 40 மணி நேர வேலை வேண்டும். நர்ஸிங் அல்லாத வேலைகளிலிருந்து நர்ஸுகளை விடுவிக்க வேண்டும். நிர்வாகத்தின் மேல்மட்டங்களில் நர்ஸுகளுக்கு உரிய இடம் வேண்டும் என்றது. முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் ஓடிவிட்டன. இன்றும் நர்ஸ் துணிக் கணக்கு எழுதுகிறார். மருந்து ஸ்டாக் எண்ணுகிறார். கம்ப்யூட்டரில் புள்ளிவிவரம் ஏற்றுகிறார். கீழ்புத்துப்பட்டுப் பெண்ணின் சம்பளத்தில், உடைந்து போன தெர்மாமீட்டருக்குக் கூடப் பிடித்தம் செய்தார்களாம்!

1936 ஜூலை 30-ந் தேதி புதுவையில் பிரெஞ்சு போலீசாரின் குண்டுக்குப் பன்னிரண்டு மில் தொழிலாளர்கள் பலியானார்கள். அவர்கள் சிந்திய ரத்தத்தில்தான் அங்கே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்த மண்ணுக்கு அடுத்த ஊர்ப் பெண், தொண்ணூறு வருஷம் கழித்து, பன்னிரண்டு மணி நேரம் ராத்திரி வேலை செய்கிறார் என்றால் நமக்கு அது வெட்கக்கேடு.

நம்பிக் கொடுத்தபோது என்ன நடந்தது?

"நர்ஸுகளிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் ஒழுங்கு கெடும், ஒரு படகுக்கு இரண்டு தண்டல் ஆகாது" என்று சில பெரிய மனிதர்கள் சொல்வார்கள். இது உண்மையா?

தமிழ்நாட்டின் அனுபவத்தையே பார்ப்போம். 2000-க்குப் பின் வந்த வருஷங்களில், நமது ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸுகளை முறை வைத்துப் போட்டு, இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு வந்தது. ராத்திரியில் அங்கே டாக்டர் தங்குவதில்லை. வலி எடுத்து வரும் பெண்ணைப் பரிசோதிப்பது, பிரசவம் பார்ப்பது, சிக்கல் என்று தெரிந்தால் டாக்டரைக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிவு செய்வது எல்லாம் அந்த நர்ஸின் பொறுப்பு. ஒழுங்கு கெட்டதா? இல்லை. கூலிக்காரப் பெண்கள் நம்பி வந்தார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில் நடக்கின்றன. அந்தச் சாதனையில் ராத்திரி விளக்கின் கீழ் தனியாக நின்ற நர்ஸுகளின் பங்கு பெரிது.

ராத்திரி இரண்டு மணிக்குத் தாயையும் சேயையும் அவரிடம் ஒப்படைக்கலாம்; பகல் பதினொரு மணிக்கு நிர்வாகக் கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி கொடுக்கக் கூடாதாம்! இது என்ன நியாயம்?

ஆபரேஷன் செய்யும் அதிகாரத்தை நர்ஸ் கேட்கவில்லை. டாக்டரின் வேலை டாக்டருக்கு. நர்ஸின் வேலையை எப்படிச் செய்வது என்பதில் நர்ஸின் சொல்லுக்கு மதிப்பு வேண்டும் என்றுதான் கேட்கிறார். டாக்டர்களுக்கும் இதில் நஷ்டம் இல்லை. பயப்படாமல் "டாக்டர், இந்த மருந்தின் அளவு சரியில்லையே" என்று சொல்லக் கூடிய நர்ஸ் பக்கத்தில் இருந்தால் டாக்டரின் தவறும் தடுக்கப்படும்.

பொம்மைக் கமிட்டி வேண்டாம்

அமெரிக்காவில் 1983-ல் ஓர் ஆராய்ச்சி நடந்தது. நாடெங்கும் நர்ஸுகள் வேலையை விட்டு ஓடிக் கொண்டிருந்த காலம் அது. 41 ஆஸ்பத்திரிகளில் மட்டும் ஓடாமல் தங்கினார்கள். காந்தம் போல் இழுத்து வைத்திருந்ததால் அவற்றுக்குக் காந்த ஆஸ்பத்திரிகள் என்றே பெயர் வந்தது. காரணம் என்ன என்று கேட்டபோது, அங்கே நர்ஸுகளின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது; தொழிலில் சுயாதிகாரம் இருந்தது என்று தெரிந்தது. அதைத் தொடர்ந்து, வார்டு நர்ஸுகளே கவுன்சில்கள் அமைத்துத் தங்கள் வேலை முறையை முடிவு செய்யும் கூட்டு நிர்வாகம் என்ற ஏற்பாடு பல ஆஸ்பத்திரிகளில் பரவியது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் கண்ணை மூடிக்கொண்டு கை தட்ட வேண்டியதில்லை. அங்கேயும் சில முதலாளிகள், சங்கம் தலையெடுக்காமல் தடுக்கவே இந்தக் கவுன்சில்களைக் கையாளுகிறார்கள் என்று நர்ஸுகளின் சங்கங்கள் குற்றம் சாட்டியிருக்கின்றன. கவுன்சிலில் டீயும் பிஸ்கோத்தும் கொடுத்து, ஆட்குறைப்பை நர்ஸுகளின் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைப்பது தந்திரம்.

மில் தோழர்களுக்கு இது புதிதா? 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டம், நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கு ஒர்க்ஸ் கமிட்டியைக் கொண்டு வந்தது. தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை முதலாளி பிரதிநிதிகளுக்குக் குறையக் கூடாது என்றும் சொன்னது. ஆனால் பல மில்களில் அந்தக் கமிட்டி பேசியது என்ன? கான்டீன் டீயும் கக்கூஸ் தண்ணீரும்! வேலைப் பளுவைப் பற்றிப் பேசினால் "அது நிர்வாகத்தின் உரிமை" என்றார்கள். நார்த் புரூக் சணல் ஆலையில் ஒர்க்ஸ் கமிட்டியின் சம்மதத்தைக் காட்டி வேலை முறையையே மாற்ற நிர்வாகம் முயன்றபோது, ஒர்க்ஸ் கமிட்டி சங்கத்தின் இடத்தைப் பிடிக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 1960-ல் தீர்ப்புச் சொன்னது. இந்தத் தீர்ப்பை நர்ஸுகள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கமிட்டி வேண்டும்; ஆனால் சங்கத்துக்குப் பதிலாக அல்ல, சங்கத்தின் பலத்தில்.

ஆஸ்பத்திரியும் தொழில்தான், அங்கே வேலை செய்கிறவர்களும் தொழிலாளர்தான் என்று 1978-ல் பெங்களூர் தண்ணீர் வாரிய வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு சொன்னது. ஆனால் 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, தர்ம காரியம் செய்யும் ஸ்தாபனங்கள் நடத்தும் நிறுவனங்களைத் "தொழில்" என்ற கணக்கிலிருந்து விலக்கி வைக்கிறது. டிரஸ்ட் என்று பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டு கோடிக் கணக்கில் கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரிகளுக்கு இது எவ்வளவு வசதி!

மேலேயும் இதே போக்குதான். 1947-ம் வருஷத்து இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டத்தில், ஒவ்வொரு மாநிலக் கவுன்சிலும் ஒரு நர்ஸைத் தேர்ந்தெடுத்து டில்லிக்கு அனுப்ப வழி இருந்தது. 2023-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய புதுச் சட்டம் 29 அங்கத்தினர் கொண்ட தேசியக் கமிஷனை வகுத்திருக்கிறது. அதன் தலைவர் நர்ஸாக இருக்க வேண்டும் என்பது நல்லதே. ஆனால் அங்கத்தினர்கள் பதவி வழியாகவும் நியமனத்தின் மூலமாகவும் வருகிறார்கள். லட்சக் கணக்கான நர்ஸுகளின் ஓட்டு எங்கே போயிற்று?

இதற்கு மாறாக, சங்கத்தின் பலத்தில் என்ன சாதிக்கலாம் என்பதற்குக் கலிபோர்னியா சான்று. அங்கே நர்ஸுகள் சங்கம் பல வருஷம் போராடி, ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று 1999-ல் சட்டமே கொண்டு வரச் செய்தது. 2004-ல் அது அமலுக்கு வந்தது. தீவிர சிகிச்சையில் இரண்டு பேருக்கு ஒரு நர்ஸ். பொது வார்டில் ஐந்து பேருக்கு ஒரு நர்ஸ். சினிமா நடிகராக இருந்து கவர்னரான ஷ்வார்ஸ்நெகர் இதைத் தள்ளிப் போட முயன்றபோது, நர்ஸுகள் வீதியிலும் கோர்ட்டிலும் எதிர்த்து நின்று சட்டத்தைக் காப்பாற்றினார்கள்.

நமது கோரிக்கைகள்

ஆகவே நாம் கூறுவது இதுதான்:

1. ஒப்பந்தம், தொகுப்பூதியம் ஒழிய வேண்டும். எல்லா நர்ஸுகளுக்கும் நிரந்தர வேலை வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிகளில் சுப்ரீம் கோர்ட் கட்டளையால் பிறந்த கமிட்டி சொன்ன சம்பளத்தைச் சட்டமாக்க வேண்டும்.

2. ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் ரகசிய ஓட்டின் மூலம் நர்ஸுகள் தேர்ந்தெடுக்கும் வார்டுக் கமிட்டி வேண்டும். ஒப்பந்த நர்ஸுக்கும் ஓட்டு உண்டு. கூட்டம் வேலை நேரத்தில் நடக்க வேண்டும். கமிட்டியின் தீர்மானத்துக்குப் பதினைந்து நாட்களுக்குள் நிர்வாகம் எழுத்தில் பதில் தர வேண்டும்.

3. "இந்த வார்டில் இன்று இத்தனை நோயாளிகள், இத்தனை நர்ஸுகள்" என்று வார்டு வாசலில் பலகை வைக்க வேண்டும். விதித்த அளவு மீறினால் புது நோயாளியைச் சேர்க்குமுன் கூடுதல் நர்ஸைக் கேட்கும் அதிகாரம் கமிட்டிக்கு வேண்டும்.

4. ஆபத்தைச் சுட்டிக் காட்டிய நர்ஸுக்கு மெமோ கொடுப்பது குற்றமாக வேண்டும். உடைந்த சாமானுக்குச் சம்பளத்தில் பிடித்தம் கூடாது. நர்ஸிங் அல்லாத வேலைக்குத் தனி ஆள் போட வேண்டும்.

5. ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவிலும் நோயாளிகள் நலச் சங்கத்திலும், தேர்ந்தெடுக்கப்பட்ட நர்ஸ் பிரதிநிதிக்கு ஓட்டுரிமையோடு இடம் வேண்டும். வார்டைக் கூட்டித் துடைக்கும் தொழிலாளிக்கும், ஆயாவுக்கும் அங்கே குரல் வேண்டும். நர்ஸ் மட்டும் மேலே ஏறி, அவருக்குக் கீழே இருப்பவர் வாயடைத்து நிற்பது ஜனநாயகம் அல்ல.

6. தேசியக் கமிஷனிலும் மாநில அமைப்பிலும் நர்ஸுகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அங்கத்தினர்கள் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

இவை நர்ஸுகள் தனித்து நின்று வெல்லக் கூடிய கோரிக்கைகள் அல்ல. வேலை நிறுத்தம் செய்தால் "நோயாளியைக் கைவிட்டார்கள்" என்று பத்திரிகைகள் கூக்குரல் போடும். அந்தக் கூக்குரலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நோயாளிகளாகிய நாம். "எங்கள் உயிருக்காகத்தான் அவர்கள் வெளியே நிற்கிறார்கள்" என்று மில் வாசலிலும் உப்பளத்திலும் நின்று நாம் சொன்னால் கூக்குரல் அடங்கும்.

நமது பக்கத்திலும் ஒரு குறை உண்டு. அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வீட்டு மனிதர் ஆஸ்பத்திரியில் இறந்தால் நமது கோபம் யார் மேல் பாய்கிறது? ஆள் போடாத சர்க்கார் மேலா? லாபம் பார்க்கும் முதலாளி மேலா? இல்லை. எதிரே நிற்கும் நர்ஸ் மேல்! "கூப்பிட்டால் வரவில்லை" என்று ஏசுகிறோம். சில இடங்களில் கை நீட்டவும் செய்கிறோம். கூப்பிட்டபோது அவர் வேறு ஒரு கட்டிலில் வேறு ஒரு கூலிக்காரனின் மூச்சைப் பிடித்து நிறுத்திக் கொண்டிருந்தார் என்பதை நாம் நினைப்பதில்லை. இந்தப் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும்.

அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் கீழ்புத்துப்பட்டுத் தோழர்கள் ஒரு தீர்மானம் கொண்டு வரப் போகிறார்கள். நமது பகுதி ஆஸ்பத்திரிகளில் எத்தனை நர்ஸ் இடங்கள் உண்டு, எத்தனை காலி, ராத்திரியில் ஒரு வார்டுக்கு எத்தனை பேர் என்று கணக்குக் கேட்கும் தீர்மானம் அது. சிறிய காரியம்தான். ஆனால் கணக்குக் கேட்பதிலிருந்துதான் எல்லாப் போராட்டமும் தொடங்குகிறது. உப்பளத்தில் மூட்டைக் கணக்குக் கேட்டுத்தானே நமது சங்கமும் தொடங்கியது? ஒவ்வோர் ஊரிலும், ஒவ்வொரு மில் கிளையிலும் இதைப் போல் தீர்மானம் போட்டு மகஜர் அனுப்புமாறு தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

நாம் விடைபெற்றுக் கிளம்பும்போது அந்தப் பெண்ணும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார். அன்று ராத்திரி எட்டு மணிக்கு அவருக்கு டியூட்டி. "திரும்பவும் எழுதிக் கொடுப்பியா அம்மா?" என்று தகப்பனார் கேட்டார்.

"இந்தத் தடவை நான் மட்டும் எழுத மாட்டேம்ப்பா. பதினேழு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கோம்" என்றார்.

அந்தப் பதினேழு கையெழுத்துக்களுக்குப் பின்னால் உப்பளத் தொழிலாளியின் கையெழுத்தும், விவசாயத் தொழிலாளியின் கைநாட்டும், மில் தொழிலாளியின் கையெழுத்தும் சேரட்டும்!